பொன்மணிக்குக் கிடைத்த ஆறு நாள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில், மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால், ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது பொன்மணியின் வீடு. தோப்பு ராஜபாளையத்துக்காரர் ஒருவருடையது. காவலுக்கும் தண்ணீர் பாய்ச்சவும் ஆள் வேண்டுமென்று இவர்களைக் குடிவைத்திருந்தார். பொன்மணியின் கணவர் சமுத்திரம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ஷிப்டுக்குத் தகுந்தபடி பஸ்ஸில் போய் வருவார். மகள் பானுப்பிரியாவுக்குப் பதினேழு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை அடிபட்ட பிள்ளை. பேச்சு இல்லை, கழுத்து நிற்காது, வலிப்பு வரும். பகலெல்லாம் மேற்கு ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருப்பாள்.

பானுவுக்குச் சோறூட்டுவது பொன்மணியால் மட்டுமே முடிந்த காரியம். குழையப் பிசைந்து, தலையை இடது கையில் தாங்கி, தாடையைப் பெருவிரலால் லேசாக அழுத்தி, நாக்கின் நடுவில் கொஞ்சமாக வைக்க வேண்டும். தொண்டை அசைந்து இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். ஒரு வேளைச் சாப்பாடு முடிவதற்குள் குழம்பு ஆறி ஆடை கட்டிவிடும். அப்பா கொடுத்தால் துப்பிவிடுவாள். மற்றவர்கள் யார் கொடுத்தாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள். வலிப்பு மாத்திரையும் அந்தச் சோற்றில் பொடித்துப் போட்டால்தான் உள்ளே போகும். அதனால் பொன்மணி வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. தன் அப்பா இறந்ததற்குக்கூட, வத்திராயிருப்புக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தவள்.

அவள் ஓட ஆரம்பித்ததும் பானுவால்தான். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போய் நடப்பது? வீட்டிலிருந்து மோட்டார் ரூம் வரை, அங்கிருந்து வேலியை ஒட்டி, மறுபடி வீடு என்று தோப்புக்குள்ளேயே சுற்றினாள். ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் "பானு" என்று கூப்பிடுவாள். உள்ளேயிருந்து ஒரு கீச்சுக் குரல் வரும். மெதுவாக நடந்தால் திரும்பி வர நேரமாகிறது, பிள்ளை சிணுங்குகிறாள் என்று எட்டிப் போட்டாள். எட்டி நடந்தது ஓட்டமானது. ஒரு வருடத்தில் அவள் காலடிபட்டு அந்தத் தடத்தில் புல் முளைப்பது நின்றுபோனது. காட்டுப்பன்றி வந்து கிளறிப்போட்டிருந்தால் காலையில் மண்வெட்டியோடு போய்க் குழியை மூடிவிட்டுத்தான் ஓடுவாள்.

ஆல்வின் சார் அவளைப் பார்த்தது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். காலையில் செண்பகத்தோப்புச் சாலையில் ஓட வருகிறவர். முதல் நாள், பன்றி விரட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தாராம். நாலைந்து நாள் பார்த்த பிறகு உள்ளே வந்து விசாரித்தார். எவ்வளவு நேரம் இப்படி ஓடுவீர்கள் என்று கேட்டதற்கு, பிள்ளை தூங்குகிறவரைக்கும் என்றாள். இவ்வளவு தூரம் என்று கணக்கில்லாமல் இவ்வளவு நேரம் என்று வைத்து, ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் போட்டிகள் இருக்கின்றன என்று அவர்தான் சொன்னார். யார் அதிக தூரம் போகிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். நடக்கலாம், உட்காரலாம், தூங்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.

சென்ற வருடம் மதுரையில் ஒரு நாள் முழுக்க ஓடும் போட்டிக்கு அவரே பெயர் கொடுத்துக் கூட்டிப்போனார். வேன் பிடித்து, பின்சீட்டில் மெத்தை போட்டு, பானுவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பொன்மணி ஓட ஓட ஒலிபெருக்கியில் ஒருவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் பெயரைச் சொன்னார். ஊரில் எல்லோருக்கும் அவள் பானு அம்மாதான். முன்பின் தெரியாத ஒரு குரல் பொன்மணி, பொன்மணி என்று கூப்பிடக் கேட்டு, அவளுக்கு முதுகு சிலிர்த்தது. அதே ஒலிபெருக்கிச் சத்தத்தில் பானுவுக்கு வலிப்பு வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் நிறுத்தி நிறுத்தி வேனுக்கு ஓடிய பிறகும் பெண்களில் இரண்டாவதாக வந்தாள் பொன்மணி. இனி பிள்ளையை இந்த மாதிரி இடத்துக்குக் கொண்டுவரக்கூடாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அந்த இரண்டாம் இடத்தை வைத்துத்தான் ஓசூர்ப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் நடக்கும் ஆறு நாள் ஓட்டத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. கார்த்திகை மாதத்தில். ஆல்வின் சார் வந்து சொன்னபோது, முடியாது சார் என்றுதான் வாய் சொன்னது. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் உப்பு டப்பாவைக் கீழே போட்டாள். ஆறு நாள். அவளை யாரும் தேடாத, பிள்ளையின் சத்தத்துக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டாத ஆறு நாள். அந்த ஆசை வந்த வேகத்தைப் பார்த்து அவளே பயந்தாள். பிள்ளையைத் திருப்பிப் போடும்போது, துணி மாற்றும்போது, மாதவிலக்கு நாளில் கழுவி விடும்போது, அந்த மைதானம் கண்ணுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

சமுத்திரம் அதைக் கவனித்துவிட்டார். அவளிடம் எதுவும் கேட்காமல் தேவதானத்திலிருந்த தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

மாரீஸ்வரி விதவை. மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒற்றையாக இருந்தவள். மதுரை ஓட்டத்தைத் தம்பியின் போனில் வீடியோவாகப் பார்த்தவள். "இந்தப் புள்ள ஓடுத ஓட்டத்தப் பாத்த அன்னைக்கே நெனச்சேன்லே. நான் வாரேன்" என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பொன்மணிக்கு அவள்மேல் பெரிய ஒட்டுதல் அதுவரை இருந்ததில்லை. மதினி என்ற மரியாதை, அவ்வளவுதான்.

அதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பயிற்சிகள் நடந்தன. தோப்பில் பொன்மணி ஓடினாள். வெயில் ஏற ஏற ஓடி, நடந்து, மறுபடி ஓடினாள். வீங்கும் காலுக்கு இடம் வேண்டுமென்று ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கினார்கள். அவித்த உருளைக்கிழங்கில் உப்பைத் தொட்டு ஓடிக்கொண்டே தின்னப் பழகினாள். தூக்கத்துக்கு மட்டும் பயிற்சி வேண்டாம் என்றார் ஆல்வின் சார். துண்டு துண்டாகத் தூங்கி எழுவதற்கு மற்றவர்கள் மாதக்கணக்கில் பழக வேண்டும், நீங்கள் பதினேழு வருடமாக அப்படித்தானே தூங்குகிறீர்கள் அக்கா என்றார்.

வீட்டுக்குள்ளே மாரீஸ்வரி, பானுவின் வாயைத் திறக்கப் பயின்றாள். அதுதான் கடினமாக இருந்தது. பொன்மணி கண்ணில் பட்டால் பிள்ளை வேறு யாரையும் ஏறிட்டுப் பார்க்காது. கண்ணில் படாமல் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் நின்றால், பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுத் திணற அழும். தேன் தடவிப் பார்த்தார்கள். பொன்மணியின் குரலைப் போனில் பதிந்து வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மாரீஸ்வரிக்கே ஒரு யோசனை தோன்றியது. மதுரை ஓட்டத்தில் கொடுத்த ஆரஞ்சு நிறப் பனியன் ஒன்று உண்டு. பொன்மணி அதைப் போட்டுக்கொண்டு ஓடி, வேர்வை ஊறியபடி கழற்றியதை, துவைக்காமல் அப்படியே மாரீஸ்வரி மாட்டிக்கொண்டாள். சேலைக்கு மேல் அந்தப் பனியனோடு குனிந்தபோது, பானு மூக்கை அசைத்தாள். செத்த நேரம் பொறுத்து வாய் திறந்தது.

பொன்மணி வெளியே ஜன்னலுக்கு அடியில் குந்தியிருந்து பார்த்தாள். ஒரு வாய். இரண்டு வாய். தொண்டை அசைந்தது. மாரீஸ்வரி சிரித்தபடி ஜன்னல் பக்கம் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். பொன்மணிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மூன்றாவது வாயைப் பார்க்க நிற்கவில்லை. எழுந்து ஓடப் போய்விட்டாள்.

காலாண்டு விடுமுறையில் ஒத்திகை வைத்தார்கள். ராஜபாளையத்தில் ஒரு பள்ளி மைதானத்துக்கு ஆல்வின் சார் அனுமதி வாங்கியிருந்தார். இரண்டு நாள் ஓட்டம். பொன்மணி வீட்டில் இல்லாமல் பானு சாப்பிடுகிறாளா என்பதும் அதில் தெரிந்துவிடும். அவசரமென்றால் ஒழிய போன் வேண்டாம் என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஆரஞ்சுப் பனியனோடு சேர்த்து மூன்று பனியன்களை வேர்வையோடு சுருட்டிப் பையில் கட்டி மாரீஸ்வரியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் மதியத்துக்கு மேல் சமுத்திரம் ஷிப்டு முடிந்து மைதானத்துக்கு வந்தார். அக்காவிடம் போனில் பேசிவிட்டுத்தான் வந்திருந்தார். பொன்மணி அவர் முகத்தைப் பார்த்தபடியே சுற்றி வந்தாள்.

"ரெண்டு வாய் கூடவே சாப்புட்டாளாம். நீ ஓடு" என்றார் அவர்.

பொய். அம்மா கிளம்பியதிலிருந்து பானு ஒரு வாய்கூட வாங்கவில்லை. பனியனை முகத்தருகே கொண்டுபோனால் முகர்வாள், சுற்றிப் பார்ப்பாள், ஆள் வேறு என்று கண்டு பல்லைக் கடித்துக்கொள்வாள். அம்மா பக்கத்தில் எங்கோ இருக்கிறாள் என்பது தெரிந்தவரைக்கும்தான் அந்தப் பனியன் வேலை செய்திருக்கிறது. சமுத்திரத்துக்கு இது தெரியும். தெரிந்தும், இத்தனை வருடத்தில் பொன்மணி தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் இது, அதையும் நானா போய் நிறுத்துவேன் என்று நினைத்துவிட்டார். ஒரு நாள் பட்டினி கிடந்தால் மறுநாள் பசியில் தானே வாங்குவாள் என்று அக்காவிடம் சொன்னார்.

மறுநாள் காலையிலும் வாங்கவில்லை. மாத்திரை உள்ளே போகாததால் சின்னதாய் ஒரு வலிப்பு வந்து போனது. மாரீஸ்வரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பட்டினியும் வலிப்புமாகப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், பொன்மணி இனி வாசலைத் தாண்ட மாட்டாள். கஞ்சியில் மாத்திரையைக் கரைத்து, பானுவின் மூக்கைப் பொத்தி, மூச்சுக்கு வாய் திறந்த நேரத்தில் ஊற்றிவிட்டாள். பாதி போன இடம் இரைப்பை இல்லை. பிள்ளை நீலம் பாரித்தாள். தூக்கி முதுகில் தட்டத் தட்ட, இருமி இருமி நிறம் திரும்பியது. ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது என்று அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மதியத்துக்குள் காய்ச்சல் கொதித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தது. ஆட்டோவில் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் சமுத்திரம் ஆல்வின் சாருக்குப் போன் போட்டார்.

பொன்மணி அப்போது மைதானத்தின் மறுகோடியில் இருந்தாள். கால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் கோடு மட்டும் தெரிகிற நிலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆறு நாள் முடியும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நம்பினாள். ஆல்வின் சார் குறுக்கே ஓடி வந்திருக்கலாம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், போனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவள் வளைவைச் சுற்றி வந்துகொண்டே இருந்தாள். பாதி வளைவில் அவர் நிற்கும் விதத்தைப் பார்த்தாள். மிச்சப் பாதியைத் தன் வாழ்நாளில் ஓடாத வேகத்தில் ஓடி வந்தாள்.

அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது கால்கள் இறுகிவிட்டன. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால் முட்டி மடங்கவில்லை. படிகளில் கையை ஊன்றி, காலை இழுத்து இழுத்து ஏறினாள். யாரோ நோயாளி என்று நினைத்து ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஷூ விளிம்பில் ரத்தம் கசிந்திருந்தது.

பானு முகமூடியோடு கிடந்தாள். வயிறு பொங்கிப் பொங்கி அடங்கியது. கண் பாதி மூடியிருந்தது. பொன்மணி பேரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஒரு அசைவும் இல்லை. சுவரோரம் சமுத்திரம் நின்றார். அவருக்கு அந்தப் பக்கம் மாரீஸ்வரி, அந்த ஆரஞ்சுப் பனியனோடு, நெஞ்சிலெல்லாம் கஞ்சி காய்ந்து போயிருக்க.

பொன்மணி நேரே அவளிடம் போனாள். கழுத்துப் பட்டியைப் பிடித்தாள்.

"கழட்டுங்க மதினி. என் சட்டையக் கழட்டுங்க."

 மாரீஸ்வரி அத்தனை பேருக்கு நடுவில் பனியனைத் தலைக்கு மேலாக உருவிக் கொடுத்தாள். கலைந்த முந்தானையைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றாள். பொன்மணி அதை வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

பானு பிழைக்க ஒரு வாரம் ஆனது. மூன்றாம் நாள் டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். இந்த ஒரு தடவை மட்டும் இல்லை, கொஞ்ச காலமாகவே சாப்பாடு துளித்துளியாக நுரையீரலுக்குள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது, படத்தில் பழைய தழும்பு தெரிகிறது என்றார். இனி வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய். அதில் பால், கஞ்சி, மாத்திரை எல்லாம் ஊற்றலாம். சில மாதம் கழித்து மதுரையில் காட்டி வயிற்றிலேயே குழாய் வைத்துக்கொள்ளலாம். பழகிக்கொண்டால் வீட்டில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், சுலபம் என்று தைரியம் சொன்னார்.

பொன்மணி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சமுத்திரம், மாத்திரை வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். செத்த நேரம் கழித்து அவளும் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே போனாள். அவர் மருந்துக் கடைக்குப் போகவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில், டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யார் வேணாலும் ஊத்தலாம்னு சொன்னாங்கள்ல. அப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க" என்றாள்.

அவர் திரும்பவில்லை.

"புள்ள மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்கா. அந்த நேரத்துல எனக்கு ஓசூரு ஞாபகம் வருது. இனி போகலாம்னு வருது. நான் என்ன பொம்பளங்க?"

சமுத்திரம் தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கும் அதான் வந்துச்சு. அதே நேரத்துல. ஒன் மூஞ்சியப் பாக்கப் பயந்துக்கிட்டுத்தான் எந்திரிச்சு வந்தேன்" என்றார்.

 டீக்கடைக்காரர் டீ ஆறிவிட்டது என்று வேறு போட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு பொன்மணி ஓடவில்லை. மலைப் பக்கம் மழை பிடித்து, தடத்தில் புல் முளைக்க ஆரம்பித்தது. குழாயை அவள் தொடவும் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது பார்த்துக்கொண்டு நின்றாள், கை நீளவில்லை. குளிப்பாட்டினாள், துணி மாற்றினாள், பக்கத்தில் படுத்தாள். பால் ஊற்றும் நேரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். சமுத்திரமும் மாரீஸ்வரியும் ஷிப்டுக்கு ஷிப்டு மாற்றி ஊற்றினார்கள். அம்மா குனியும்போதெல்லாம் பானு பழக்கத்தில் வாயைத் திறப்பாள். திறந்தபடி காத்திருப்பாள். அதைப் பார்க்க முடியாமல் பொன்மணி குனிவதையே குறைத்துக்கொண்டாள். வர மாட்டேன் என்று ஆல்வின் சாரிடம் சொல்லிவிட்டாள். அவர் சரி என்றார். ஆனாலும் பெயரை எடுக்கவில்லை.

மாரீஸ்வரி ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பொன்மணி அவளோடு வேண்டியதற்கு மட்டும் பேசினாள். தீபாவளி முடிந்து ஒரு நாள், கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவளின் எதிரில் வந்து உட்கார்ந்தாள் மாரீஸ்வரி.

"ஏட்டி பொன்மணி, நீ போயிட்டு வா."

பொன்மணி துணியைப் பிழிந்தாள்.

"ஒனக்காகச் சொல்லல. நீ போகாம ஒக்காந்துட்டேன்னா, நான் எதுக்கு அந்தப் புள்ள மூக்கப் பொத்துனேன்? சும்மாவே பொத்துனேன்னு ஆயிரும். அதத் தூக்கிக்கிட்டு நான் எங்கட்டுப் போவேன்?" அவள் அழவில்லை. கணக்குக் கேட்கிறவள் மாதிரி நேராகப் பார்த்தாள். "ஒரு சுத்து ஓடிட்டுக்கூட வந்துரு. ஆனாப் போ."

அன்று சாயங்காலம் பொன்மணி ஷூவை எடுத்து மாட்டினாள். பயிற்சிக்கு மிச்சமிருந்த நாள் கொஞ்சம்தான். ஆசை என்று ஏதும் மனதில் இல்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளிய மாதிரி ஓடினாள். கறுத்த நகங்கள் இரண்டு விழுந்தன. முட்டியில் வலி வந்து நின்றுகொண்டது. இரவில் படுத்தால், போகாமல் இருந்தாலும் பாவம், போனாலும் பாவம் என்று தோன்றும். கிளம்பும் நாளில் பானுவிடம் சொல்லிக்கொள்ளக் கட்டிலுக்கு அருகில் போகாமல் கதவிலேயே நின்று பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

ஓசூரில் குளிர். மைதானத்தில் கூடாரங்கள், டாக்டர்கள், பல ஊர்க்காரர்கள். ஒலிபெருக்கி இங்கேயும் அவள் பெயரைச் சொன்னது. இந்தத் தடவை சிலிர்ப்பு வரவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில் குதிகாலில் கொப்புளம் உடைந்து, உள்ளங்கால் தோல் உரிந்து வந்துவிட்டது. துணைக்கு வந்திருந்த ஆல்வின் சார் துணியை வைத்துக் கட்டிவிட்டு, போதும் அக்கா, இவ்வளவு தூரம் வந்ததே பெரிது, நிறுத்திக்கொள்ளலாம் என்றார். நிறுத்துவதில் வெட்கமில்லை, பெரிய பெரிய ஆட்கள் நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"எம்மவ வாயையே வெலையாக் குடுத்துட்டு வந்திருக்கேன் சார்" என்றாள் பொன்மணி. "நான் எப்படி ஒக்கார?"

 அவர் ஷூவின் பின்பக்கத்தைக் கத்தியால் வெட்டித் திறந்துவிட்டார். அவள் எழுந்து நடந்தாள். அதன் பிறகு ஓடவே இல்லை. நடந்தாள், நொண்டினாள், கூடாரத்தில் விழுந்து தூங்கினாள், எழுந்து மறுபடி நடந்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு போன்: நல்லா இருக்கா என்பார் சமுத்திரம். உண்மையைச் சொல்லுங்க என்பாள். உண்மைதான் என்பார். நம்புவதற்கு வழியில்லாமல், நம்பாமல் இருக்கவும் தெம்பில்லாமல் நடந்தாள். ஐந்தாம் நாள் எதற்கென்று தெரியாமல் இரண்டு சுற்று முழுக்க அழுதாள். பக்கத்தில் வந்த வயதான பஞ்சாபிக்காரர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் அந்த இரண்டு சுற்றும் கூடவே நடந்துவிட்டுத் தன் வேகத்துக்குப் போனார்.

ஆறாம் நாள் கடைசி மணி அடித்தபோது அவள் வளைவின் நடுவில் இருந்தாள். அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அளந்து போவார்கள். நின்றாள். பரிசு எதுவும் வரும் தூரமில்லை. முடித்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் பதக்கத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சமுத்திரம் ஆட்டோவோடு நின்றார். செருப்புப் போட முடியாத காலைப் பார்த்துவிட்டு, கைத்தாங்கலாக ஏற்றினார். வீட்டு வாசலில் இறங்கி, தூணைப் பிடித்து, உள்ளே பார்த்தாள் பொன்மணி.

பானு தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை. கன்னம் தெளிந்திருந்தது. மணிக்கட்டில் சதை பிடித்திருந்தது. பொன்மணி பக்கத்திலேயே இருந்தபோது கவனிக்காதது, ஆறு நாள் விலகிப் போய் வந்ததும் கண்ணில் பட்டது: பிறந்ததிலிருந்து இவ்வளவு புஷ்டியாக அந்தப் பிள்ளையைப் பார்த்ததில்லை. பதினேழு வருடம் தான் ஊட்டிய ஊட்டு பிள்ளைக்குப் போதவில்லை என்பதை அந்தக் கன்னத்திலிருந்து தெரிந்துகொண்டாள். அந்த இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். வந்த அழுகை துக்கமா, நிம்மதியா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

சத்தம் கேட்டுப் பானு முகத்தைத் திருப்பினாள். கீச்சென்றாள். சோற்றுக்கு வாயைத் திறந்து காத்திருக்கவில்லை. அது மறந்துவிட்டது போல.

பிறகு பொன்மணி தூங்கினாள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, மறுநாள் மதியம் தாண்டித் தூங்கினாள். யாரும் எழுப்பவில்லை. விழித்தபோது மாரீஸ்வரி பாலைச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயில் செருகும் பெரிய சிரிஞ்சு தட்டில் கழுவி வைத்திருந்தது. பொன்மணி வழக்கம்போல் எழுந்து வெளியே போவாள் என்று மாரீஸ்வரி வழிவிட்டு நகர்ந்தாள். பொன்மணி போகவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"எப்படின்னு காட்டுங்க மதினி."

மாரீஸ்வரி சிரிஞ்சைக் கொடுத்தாள். பொன்மணியின் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். "ஒசத்திப் பிடி, போதும். தள்ளாத. அது தானா எறங்கும்" என்றாள்.

பால் மெதுவாக இறங்கியது. முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவினார்கள். மூடியைத் திருகி மூடுவது பொன்மணிக்குப் பிடிபடவில்லை. மாரீஸ்வரி திறந்து, இன்னொரு தடவை காட்டினாள்.